ஐயாசாமிக்குப் போட்ட இலை

இது கட்டிவிட்ட கதை இல்லை. நடந்தது. ஜோகூர் பக்கம் கோத்தா திங்கி ஊருக்கு மேலே, ஆற்றோரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், 1931-ஆம் வருடம் மார்கழி மாதம் நடந்தது. தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், அவர்கள் நிம்மதியாகத் தூங்கட்டும். பட்டவள் பெயர் அங்கம்மா. அவளே என்னிடம் சொன்னாள், நல்ல வெயில் நேரத்தில். சொல்லி முடித்ததும் எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் தட்டை ஓரமாக வைத்துவிடுங்கள், பிறகு என்னைத் திட்டக்கூடாது.

முதலில் அந்த ஆளைப் பற்றிச் சொல்லவேண்டும். அங்கம்மாவைப் பெற்றவன், ஐயாசாமி. 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவன் என்றே எழுதுகிறேன்.

அதற்கு ஐந்து வருடத்துக்கு முன்னால் ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. அங்கம்மாவுக்கு அப்போது பதினைந்து வயது. அவள் அம்மா வெள்ளையம்மா குளிர்காய்ச்சலில் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தாள். வரிசை வீடுகளான லயத்துக்குள் தண்ணீர் ஏற ஆரம்பித்ததும் ஆட்களெல்லாம் மேட்டிலிருந்த ரப்பர் ஸ்டோருக்கு ஓடினார்கள். ஐயாசாமியும் ஓடினான். சும்மா ஓடவில்லை. அடுப்பிலிருந்த சோற்றுப்பானையைத் தூக்கிக்கொண்டான். மகள் பின்னாலேயே வந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்று வெளிக்கொக்கியைப் போட்டுவிட்டுப் போனான். மேட்டில் கேட்டவர்களிடம், "அவங்க முன்னாடியே படகுல போயிட்டாங்க," என்று வாய் கூசாமல் சொன்னான். சொல்லிவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்து, பானைக்குள் கையை விட்டு அள்ளி அள்ளித் தின்றான். பக்கத்து வீட்டு ராசம்மா அதைத் தன் கண்ணால் பார்த்தவள்.

தண்ணீர் வடிய இரண்டு நாள் ஆனது. ராசம்மா வந்து கொக்கியை எடுத்தபோது வெள்ளையம்மா பலகைக் கட்டில்மேல் செத்து விறைத்திருந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் முகத்தில் ஈ மொய்க்காமல் விசிறிக்கொண்டிருந்தாள். ஐயாசாமியைக் காணோம். தோட்டத்தை விட்டே ஓடிப்போயிருந்தான். தூ! இவனும் ஒரு தகப்பன்.

அங்கம்மா அம்மாவுக்குக் கருமாதி செய்தாள். அன்றைக்கே அப்பனையும் தலைமுழுகினாள். நாமெல்லாம் கோபத்தில் வாய்ப்பேச்சுக்குச் சொல்வோமே, அப்படி இல்லை. இழவு வீட்டில் முழுகுவது போலவே, இரண்டாம் தடவை ஆற்றில் இறங்கி, அவன் பெயரைச் சொல்லி முழுகி எழுந்தாள். அதிலிருந்து வருசா வருசம் அம்மா செத்த நாளில் படையலில் இரண்டு இலை போட்டாள். ஒன்று அம்மாவுக்கு. இன்னொன்று 'செத்துப்போன' அப்பனுக்கு.

"உயிரோட எங்கியோ திரியறவனுக்கு எல போடாதடி. அது நல்லதில்ல," என்று ராசம்மா சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கு அவன் செத்தாச்சு அத்தே."

 பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்.

நான்கு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. இதற்குள் வேலு என்கிற ரப்பர் பால்வெட்டுக்காரனைக் கட்டிக்கொண்டாள். நல்ல பிள்ளை, குடி கிடையாது. ஐந்தாம் வருடப் படையல் வரும்போது அவள் இடுப்பில் ஐந்து மாதத்து ஆண்குழந்தை. அம்மாவைத்தான் அந்த ஆளிடமிருந்து காப்பாற்ற முடியவில்லை, பிள்ளையின் மேல் அவன் நிழல்கூட விழக்கூடாது. அவள் மனதில் இருந்ததெல்லாம் அது ஒன்றுதான்.

அந்த வருடம் மழை விடவே இல்லை. செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரைக்குப் படையல் போட்டாள். அம்மாவின் இலையில் சுடுசோறு, கருவாட்டுக் குழம்பு, கீரை, வடை, பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர். அப்பன் இலையில் பானை அடியில் தீய்ந்த சோறு, ஒரு கருவாட்டுத் தலை. அவனுக்குத் தண்ணீர் கிடையாது. எப்போதும் அப்படித்தான் வைப்பாள். சூடம் காட்டிவிட்டு அங்கம்மா, வேலு, ராசம்மா எல்லோரும் வெளித் திண்ணையான அஞ்சடிக்கு வந்து, கதவைச் சாத்திக் கொக்கி போட்டார்கள். வருகிறவர்கள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று கொஞ்ச நேரம் வெளியே நிற்பது வழக்கம். பிறகு கதவைத் தட்டிவிட்டுத் திறப்பார்கள். இலையில் வைத்தது வைத்தபடி இருக்கும். அம்மாவின் இலைச் சோற்றை வீட்டார் பகிர்ந்து தின்பார்கள், மற்றதை நாய்க்குப் போடுவார்கள்.

அன்றைக்கு உள்ளே சத்தம் கேட்டது.

உறிஞ்சும் சத்தம். கருவாட்டு முள்ளை வாயில் போட்டுச் சப்பினால் வருமே, அந்தச் சத்தம். ச்ச்சூப்... ச்ச்சூப்... நிதானமாக, ருசித்து ருசித்து.

"பூன," என்றான் வேலு.

ராசம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கதவைத் திறந்தார்கள். முதலில் முகத்தில் அடித்தது நாற்றம். ரப்பர் காட்டில் மரத்தோடு உறைந்து, பல நாள் மழையில் கிடந்து அழுகிய ஒட்டுப்பால் நாறுமே, அந்த நாற்றம். அதோடு புண் சீழ் நாற்றமும் சேர்ந்திருந்தது. அப்பன் இலையில் ஒரு பருக்கை இல்லை. இலை மடித்து வைத்திருந்தது, இழவு வீட்டில் மடிப்பது போல வெளிப்பக்கமாக. அம்மாவின் செம்பில் தண்ணீர் இல்லை. அம்மாவின் சோற்றை யாரும் தொடவில்லை. ஆனால் சப்பித் துப்பிய முள், மென்று துப்பிய கருவாட்டுச் சக்கை, எல்லாம் அந்தச் சுடுசோற்றின் மேல் குவிந்து கிடந்தன, எச்சிலோடு.

அங்கம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். பயமெல்லாம் வரவில்லை. இவன் புத்தி மாறவே மாறாதா என்றுதான் நினைத்தாள்.

"உங்கப்பன் உயிரோடதான் இருக்கான்," என்றான் வேலு. "தோட்டந்தோட்டமா ஆளக் கொறைக்கறாங்க. வேல போயி, சோத்துக்கு இல்லாம இங்க வந்து ஒளிஞ்சிருக்கான். பின்பக்கப் பலகையத் தள்ளிக்கிட்டு உள்ள பூந்துட்டான்."

போய்ப் பார்த்தார்கள். பலகை அசையவில்லை. ஆணியெல்லாம் துருப்பிடித்து இறுகியிருந்தன. இருந்தாலும் வேலு இன்னும் நாலு ஆணி அடித்தான்.

மறுநாள் தோட்ட வேலை முடிந்து மதியம் வீடு வந்தாள். பானை மூடி மூடியபடி இருந்தது. திறந்தாள். வெள்ளைச் சோற்றின் நடுவில் ஒரு குழி. நாலு விரல் பதிந்த தடம். குழியின் ஓரத்தில் நூல் நூலாக எச்சில் ஒட்டியிருந்தது. முழுச் சோற்றையும் கொண்டுபோய்க் கொட்டினாள். வேலு பாராங்கத்தியை எடுத்துக்கொண்டு லயத்தைச் சுற்றி, கொல்லை, கக்கூஸ் எல்லாம் தேடினான். ஆள் இல்லை.

அதற்கு அடுத்த நாள் மூடியின் மேல் ஒரு பெரிய கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் போனாள். வந்து பார்த்தபோது கல் வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளே குழி.

வெள்ளிக்கிழமை ஆயாக்கொட்டகைக்குப் பிள்ளையை எடுக்கப் போனாள். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் கொட்டகை அது. ராசம்மாதான் அங்கே ஆயா. அவள் முகம் வெளுத்துப்போய் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"உங்கப்பன் வந்தான்டி."

"எங்க?"

"இங்கதான். நான் தண்ணி எடுக்கப் போயிருந்தேன். வந்து பாத்தா தொட்டிலுக்குப் பக்கத்துல சம்மணம் போட்டு ஒக்காந்திருக்கான். வாயில சோத்த மென்னு மென்னு... எடுத்துப் புள்ள வாயில வைக்கறான்."

"அத்தே!"

"நான் போட்ட சத்தத்துல எந்திரிச்சுப் போயிட்டான். ஒரு வார்த்த பேசல. அங்கம்மா... வெளிய அந்த மழ பேயுது. அவன் கால்ல சேறே இல்லடி."

ராசம்மா கடைசியில் சொன்னது எதையும் அங்கம்மா காதில் வாங்கவில்லை. பிள்ளையைத் தூக்கி வாயைப் பிளந்தாள். விரலை விட்டு வழித்தாள். சாம்பல் நிறத்தில், கூழாக, சில்லென்று வந்தது. வழிக்க வழிக்க வந்தது. இன்னும் ஒரு பருக்கை சோறு காட்டாத பிள்ளை. ஆறாம் மாதம் கோயிலில் வைத்து ஊட்டவேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைத்திருந்த பிள்ளை. அதன் வாயில், அவன் வாயில் கிடந்த சோறு.

பிள்ளை அவள் தோளில் வாந்தி எடுத்தது. ஒரு பெரிய ஆள் தின்கிற அளவுக்கு.

பிறகு அது பால் குடிக்கவில்லை. மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஐந்து மணிக்கெல்லாம் உடம்பு அனலாகக் கொதித்தது. அழக்கூட இல்லை. வேலு மருந்து கொடுக்கிற டிரஸ்ஸரைக் கூட்டிவர ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

"கதவச் சாத்திக்க. நான் வர்ற வரைக்கும் தொறக்காத."

உள்ளே தாழ் போட்டாள். மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றினாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தகரக் கூரையில் மழை கொட்டியது. கத்தினாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்காது.

ஆறே முக்கால் இருக்கும்.

அந்த நாற்றம் வந்தது.

வாசல் பக்கமிருந்து வரவில்லை. அடுப்படியிலிருந்து வந்தது. அடுப்படிக்கும் அவளுக்கும் நடுவில் தொங்கியது ஒரு சாக்குப் படுதா மட்டும்தான்.

"அங்கம்மா..."

அந்தக் குரலை அவள் ஐந்து வருடமாகக் கேட்டதில்லை. இருந்தும் தெரிந்தது.

"இன்னுங் கொஞ்சம் போடும்மா..."

மடியிலிருந்த பிள்ளை வாயைத் திறந்தது.

ஆ... என்று. அகலமாக. கண் மூடியபடி. சோற்றுக்குக் காத்திருப்பது போல.

படுதாவின் அடியிலிருந்து ஒரு கை வந்தது.

உள்ளங்கை மேலே பார்த்தபடி... தரையோடு தரையாக... மெல்ல நகர்ந்து வந்து நின்றது. தண்ணீரில் ஊறியது போல வெளுத்த கை. நகக்கண்ணெல்லாம் காய்ந்த சோறு.

அவளுக்கு உடம்பெல்லாம் அருவருத்தது. செத்த எலியைக் கையால் தொட்டுவிட்டால் வருமே, அப்படி.

விளக்குமாற்றை எடுத்தாள். அந்தக் கையின் மேல் அடித்தாள்.

சொத்... என்று ஈரச் சத்தம்.

கை போகவில்லை.

மறுபடி அடித்தாள். மறுபடியும்.

கை திரும்பியது. தரையைத் தடவியது. எங்கோ சிந்தியிருந்த ஒரு பருக்கையைத் தேடி எடுத்தது. படுதாவுக்குள் போனது.

மெல்லும் சத்தம்.

ஒரே ஒரு பருக்கை. அதை மென்றான்... மென்றான்... மென்றுகொண்டே இருந்தான்.

கை திரும்ப வந்தது. நீட்டியது.

பிள்ளையின் வாய் இன்னும் திறந்தே இருந்தது. அதன் மூச்சு இழுத்தது.

அங்கம்மாவுக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ.

"என் புள்ளைய விட்டுட்டுப் போடா! உயிரோட இருக்கறவனுக்கு இந்த வீட்ல சோறு கெடையாது!"

மெல்லும் சத்தம் நின்றது.

மழை மட்டும்.

பிறகு, மிகவும் மெதுவாக...

"தெரியும்மா... அதனாலதான்..."

அவ்வளவுதான். முடிக்கவில்லை. கை மெல்ல மெல்லப் பின்னால் போனது.

பிள்ளை வாயை மூடியது. வீறிட்டு அழுதது. மார்பைத் தேடியது.

ஏழு மணி தாண்டி வேலு டிரஸ்ஸரோடு வந்து கதவைத் தட்டினான். அங்கம்மா எழுந்து தாழை எடுத்தாள். வேலு படுதாவைப் பிய்த்து எறிந்தான். அடுப்படியில் யாரும் இல்லை. பின்பலகையில் அவன் அடித்த ஆணியெல்லாம் அடித்தபடி இருந்தன. அடுப்பைச் சுற்றித் தரையெல்லாம் எப்போதும் சாம்பல் படிந்திருக்கும். ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு அந்த இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது, நாக்கால் நக்கித் துடைத்தது போல.

"எப்படிடி போனான்?"

"எனக்குத் தெரியாது. போயிட்டான்."

டிரஸ்ஸர் மருந்து கொடுத்தார். விடியும்போது பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. அப்போதும் அங்கம்மா, வேலு இரண்டு பேருமே அவன் உயிரோடிருக்கிற திருட்டுப் பயல் என்றுதான் நினைத்திருந்தார்கள். கங்காணியிடம் சொல்லி ஆள் வைத்துப் பிடிக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் ஜோகூர் பாருவிலிருந்து ஓர் ஆள் வந்தார். பெயர் செல்லப்பன். அங்கே ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. அஞ்சடியிலேயே உட்கார்ந்தார், தண்ணீர் கொடுத்தும் குடிக்கவில்லை.

"ஐயாசாமி மக நீங்கதானேம்மா? உங்கப்பா போயிட்டாரு. சொல்லிடறதா வாக்குக் குடுத்திருந்தேன்."

"எப்ப?" என்றான் வேலு. வெள்ளிக்கிழமை ராத்திரி மழையில் எங்கேயாவது விழுந்து செத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு.

"செவ்வாக்கெழம விடியக்காலையில."

ராசம்மா அங்கேதான் இருந்தாள். "இல்லப்பா. வெள்ளிக்கெழம நான் அவன இங்க பாத்தேன்."

"அம்மா, நாந்தான் அவரு கண்ண மூடினேன். புதன்கெழம காலையில பொதைக்கத் தூக்கினதும் நாந்தான்." செல்லப்பன் குரலைத் தாழ்த்தினார். "தூக்கறப்ப வாய் தொறந்துக்கிச்சு. உள்ள சோறு. தீஞ்ச சோறு. பல்லுல கருவாட்டு முள்ளு. எட்டு நாளா அந்த மனுசன் வாயில கஞ்சித்தண்ணிகூட எறங்கல. எங்க வார்டுல கருவாடே கெடையாது. அத யாருகிட்டயும் நான் சொல்லலம்மா."

 உள்ளே பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"எதுல செத்தான்?" அங்கம்மா கேட்டாள்.

"அதத்தான் சொல்ல வந்தேன். கால் புண்ணுன்னு வந்தாரு. புண்ணு ஆறிக்கிட்டுதான் இருந்துச்சு. அடுத்த மாசம் வீட்டுக்கு அனுப்பிடலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. எங்க போவேன்னு அழுதாரு. உங்களப் பாக்கணும்னு ரெண்டு தடவ கோத்தா திங்கி வரைக்கும் வந்துட்டு, உள்ள வரப் பயந்துக்கிட்டுத் திரும்பிப் போயிட்டாராம். அப்பதான் இந்தத் தோட்டத்து ஆளு ஒருத்தர் வார்டுக்கு வந்தாரு. பேரன் பொறந்திருக்கான்னு சொன்னாரு. நீங்க வருசா வருசம் அவருக்கு எல போடறதையும் சொன்னாரு."

"சொல்லட்டும். அதுக்கென்ன?"

"அன்னையிலேர்ந்து சாப்பாட்ட நிறுத்திட்டாரு. வாயத் தொறக்கச் சொல்லி நாங்க ரெண்டு பேரு புடிச்சும் ஊட்ட முடியல. கஞ்சிய ஊத்தினா துப்பிடுவாரு. ஏன்யா இப்படிப் பண்றேன்னு கேட்டா சிரிப்பாரு. 'உயிரோட போனா என் மக வாசப்படி ஏறவிடமாட்டா. செத்தாத்தான் எல போடுவா. படையலுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கு, அதுக்குள்ள நான் செத்தாகணும்'னு சொல்லுவாரு. தெனமும் நாள எண்ணிக்கிட்டே கெடந்தாருமா. சாகறதுக்கு முந்தின ராத்திரிகூட, 'நாளைக்கி என் மக சோறு'ன்னாரு."

செல்லப்பன் மூன்று மணி பஸ்சுக்குப் போய்விட்டார். அங்கம்மா கொல்லைப்பக்கம் போய்க் குனிந்து நின்று, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். ராசம்மா முதுகைத் தடவிக்கொண்டே, "பாவம்டி, பெத்தவன்தானே, அழுதுடு," என்றாள். அழுகை வந்தால்தானே அழுவது? அம்மாவைத் தவிக்கவிட்டதற்கு ஒரு வார்த்தை வருந்தினானா என்று நான்கூட அவளைக் கேட்டேன். செல்லப்பன் அப்படி எதுவும் சொல்லவில்லை என்றாள்.

அடுத்த மார்கழியில் வேலு வாழை இலை அறுத்துவர எழுந்தான். அங்கம்மா வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். அம்மாவுக்கு மட்டும் போடலாமே என்று அவன் கேட்டான். ஒரே ஓர் இலை விரித்தாலும் அப்பன் வந்து அதில் உட்கார்ந்துவிடுவான் என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் படையல் கிடையாது. வெள்ளையம்மா அன்றிலிருந்து பட்டினிதான்.